எமர்ஜென்ட் கரிக்குலம்: ‘நாட்டவழிக் கலைத்திட்டம்’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

நாம் தொகுக்கும் மழலையர் கல்விச் சொற்பட்டியலில் ‘எமர்ஜென்ட் கரிக்குலம்’ (குழந்தைகள் ஈடுபாடு காட்டுவதைக் கவனித்து, அதற்கேற்பக் கற்பித்தலை அவ்வப்போது வகுத்துச் செல்லும் முறை) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். ‘வளர்ந்துவரும் பாடத்திட்டம்’, ‘முகிழ் கலைத்திட்டம்’, ‘எழுகலைத்திட்டம்’ ஆகிய மூன்றுமே ‘எமர்ஜென்ட்’ என்ற அடைமொழியை அகராதிப்படி பெயர்க்க முயல்கின்றன. அந்த அடைமொழியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இம்முறையைக் கையாளும் ஆசிரியர் நாள்தோறும் என்ன செய்கிறார் என்பதிலிருந்து தொடங்கினால் இதைவிடத் தெளிவான சொல் கிடைக்கும் என்று கருதுகிறேன்.

இம்முறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகளை. 1945இல் போர் ஓய்ந்ததும், அந்நகரை அடுத்த வில்லா செல்லா என்ற சிற்றூரின் மக்கள், பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுச்சென்ற டாங்கி ஒன்றையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தைக் கொண்டு தம் பிள்ளைகளுக்குத் தாமே பள்ளி கட்டத் தொடங்கினர். செய்தி கேட்டு மிதிவண்டியில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி, 1994இல் மறையும் வரை அந்தப் பணியிலேயே நின்றார். 1963இல் நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. அப்பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்வாரியாக எழுதி முடித்த திட்டம் கிடையாது. ஆனால் திட்டமிடல் ஒவ்வொரு நாளும் உண்டு. இத்தாலியர் இவ்விரண்டையும் இரு சொற்களால் பிரித்தே சொல்கிறார்கள். முன்கூட்டி வகுத்துவிடுவது ப்ரோக்ராமாட்சியோனே. குழந்தைகளைக் கவனித்து, கவனித்ததைக் குறித்துவைத்து, சக ஆசிரியரோடு கலந்து பேசி அடுத்த அடியை வகுத்துக்கொண்டே போவது ப்ரோஜெத்தாட்சியோனே. நாம் தேடும் சொல் இந்த இரண்டாவதைக் குறிக்க வேண்டும். ‘திட்டமே இல்லை’ என்ற எண்ணத்தை அது ஒருபோதும் தரக்கூடாது.

நம் ஊர்ச் சூழலில் வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்ற அமைப்பில் நடக்கிறது. கருப்பொருள் பழங்கள் என்று கொள்வோம். அந்த வாரம் மழை பெய்து, வாசற்படியோரம் மரவட்டைகள் ஊர்கின்றன. குழந்தைகள் வட்டமாகக் குந்தி உட்கார்ந்து, தொட்டால் சுருள்வதையும் சற்று நேரத்தில் மீண்டும் நீள்வதையும் பார்க்கிறார்கள். அது தூங்குகிறதா, செத்துப்போய்விட்டதா என்று தமக்குள் வழக்காடுகிறார்கள். அவர்களை உள்ளே அழைத்துப் பழப்படத்தைக் காட்டுவது ஒரு வழி. அந்த வழக்கை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு, மறுநாள் ஒரு மூலையில் ஈரமண் இட்ட கண்ணாடிப் புட்டியையும் லென்ஸையும் சுருட்டிப் பார்க்கக் களிமண்ணையும் எடுத்து வைப்பது இன்னொரு வழி. கால்களை எண்ண முயல்வதில் எண் வரும். தூக்கம், சாவு, அச்சம் பற்றிய பேச்சில் மொழி வரும். சுருண்டு நீளும் விளையாட்டில் உடலசைவு வரும். இவற்றில் எது, எப்போது, எந்த அளவுக்கு என்று முடிவு செய்பவர் ஆசிரியரே. மாதக் கருப்பொருளை வைத்து நடத்துவதைவிட இது கூடுதலான ஆயத்தத்தைக் கேட்கும் வேலை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் சொல் அந்த உழைப்பை மறைத்துவிட்டால், பணியாளருக்கு நாம் செய்யும் அநீதியாகிவிடும்.

இனி அந்த மூன்று சொற்கள். ‘வளர்ந்துவரும் பாடத்திட்டம்’ என்றால் இன்னும் முழுமை பெறாத, அரைகுறையான திட்டம் என்றுதான் பொருள்படும்; ‘வளர்ந்துவரும் நாடுகள்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு வேறு பொருள் தோன்றாது. ‘முகிழ்’ அழகான சொல்தான். ஆயினும் மொட்டு எந்தப் பூவாக மலரும் என்பது செடியிலேயே முடிவாகியிருக்கிறது. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் 1837இல் குழந்தைகளுக்கான நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்ட ஃப்ரோபெலின் சிந்தனைக்கு அந்த உருவகம் பொருந்தும். உள்ளே இருப்பது தானே விரிகிறது என்பதே அவர் கொள்கை. மலகுட்சியின் வழியில், குழந்தைகள் ஒருவரோடொருவரும், ஆசிரியரோடும், கைக்கு எட்டும் பொருள்களோடும் உறவாடும்போதுதான் அடுத்தது பிறக்கிறது. ‘முகிழ்’ என்று சொன்னால் இரு சிந்தனைகளையும் ஒன்றாகக் குழப்பிவிடுவோம். ‘எழுகலைத்திட்டம்’ வினைத்தொகையாக இறுக்கமாக அமைந்திருக்கிறது. இலக்கணத்தில் குறை காண முடியாது. ஆனால் எதிலிருந்து எழுகிறது என்பதை அது சொல்லவில்லை. வாய்விட்டுப் படித்தால் ‘எழுகலை’ என்று பிரிந்து ஒலித்து, ஏதோ நுண்கலைத் திட்டம் போலவும் ஆகிறது.

என் பரிந்துரை ‘நாட்டவழிக் கலைத்திட்டம்’. நாட்டம் என்பது இன்றைய வழக்கில் ஒன்றின்மீது மனம் செல்வது. குழந்தையின் நாட்டம் எங்கே செல்கிறதோ அதன் வழியே திட்டம் செல்கிறது. அதே சொல்லுக்குக் கண், பார்வை, ஆராய்தல் என்ற பழம்பொருள்களும் உண்டு. தொல்காப்பியக் களவியல் கண்களை ‘நாட்டம் இரண்டும்’ என்றே சொல்கிறது. ஆகவே ஆசிரியரின் உற்றுநோக்கலும் இச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பழம்பொருளை அறியாதவருக்கும் முதற்பொருள் போதும். ‘வழி’ என்ற ஈறும் நம் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய ‘செயல்வழிக் கற்றல்’ என்ற சொல், எந்த விளக்கவுரையும் இன்றிப் பெற்றோர் வரை சென்று சேர்ந்தது. அந்த வார்ப்பிலேயே இதையும் அமைப்பது நல்லது.

எழக்கூடிய மறுப்பு ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். நாட்டம் என்றால் குழந்தையின் விருப்பம் எதுவோ அதுவே பாடம் என்று பொருள்படாதா? படாது என்றே நினைக்கிறேன். விருப்பம் கணத்துக்குக் கணம் மாறும். நாட்டம் ஒன்றில் நிலைத்து நிற்பதைக் குறிக்கும். ‘விருப்பவழி’ என்று சொல்லியிருந்தால் அந்த மறுப்பை ஏற்றிருப்பேன்.

‘கரிக்குலம்’ என்பதற்குப் பாடத்திட்டமா கலைத்திட்டமா என்ற வழக்கை இங்கே நீட்டிக்க வேண்டியதில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு ‘பாடம்’ என்ற சொல்லே பொருந்தாது; இலங்கையிலும் தமிழ்நாட்டு ஆசிரியர் கல்வியிலும் கலைத்திட்டம் நிலைபெற்றுவிட்டது. அதுவே இருக்கட்டும்.

வகுப்பறைச் சூழலுக்கான சொற்களையும் இதோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லோரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் சொன்ன ‘பிரிப்பேர்டு என்விரான்மென்ட்’ என்பதற்கு ‘ஆயத்தச் சூழல்’ என்பது பொருத்தமானது. குழந்தையின் உயரத்துக்கேற்ற அலமாரி, ஒவ்வொரு கருவிக்கும் உரிய இடம், எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் வரிசை ஆகியவற்றை ஆசிரியர் முன்னதாகவே ஒழுங்கு செய்துவிடுகிறார். ரெஜ்ஜோவின் வகுப்புக்கு இதே சொல்லை இடுவது சரியாகாது. அங்கே ஒரு வகுப்புக்கு ஆசிரியர் இருவர். சூழலை மூன்றாம் ஆசிரியர் என்கிறார்கள். நேற்று குழந்தைகள் கேட்டதற்கேற்ப இன்று மூலை மாறுகிறது. இதை ‘இயைசூழல்’ எனலாம். குழந்தைகளின் செயலோடு இயைந்து மாறும் சூழல் என்று பொருள். செயல்வழிக் கற்றல் வகுப்புகளில் குழந்தைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையும், குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் வந்ததை அறிவீர்கள். கரும்பலகை ஆயத்தச் சூழலின் பகுதி. நாள்தோறும் புதுப்படைப்புகள் ஏறும் பந்தல் இயைசூழலின் பகுதி. இரண்டும் ஒரே அறையில் இருக்க முடியும் என்பதாலேயே இரு சொற்கள் நமக்குத் தேவைப்படுகின்றன.

பட்டியலுக்கு நான் எழுதியுள்ள வரையறை இது: நாட்டவழிக் கலைத்திட்டம் என்பது, குழந்தைகள் எதில் ஆழ்ந்து ஈடுபடுகிறார்கள் என்பதை ஆசிரியர் தொடர்ந்து உற்றுநோக்கிப் பதிவுசெய்து, அப்பதிவுகளின் அடிப்படையில் அடுத்தடுத்த கற்றல் அனுபவங்களையும் வகுப்பறைச் சூழலையும் வகுத்துச் செல்லும் முறை.

இதில் ‘பதிவுசெய்து’ என்ற இடத்தில்தான் எனக்கு நிறைவில்லை. குழந்தையின் பேச்சு, படம், கைவேலை ஆகியவற்றைச் சேர்த்துக் குழந்தைகளும் பெற்றோரும் பார்க்கும்படி சுவரில் வைக்கும் செயலுக்கு ‘ஆவணப்படுத்தல்’ என்று எழுதினால் பத்திரப் பதிவு அலுவலகமே நினைவுக்கு வருகிறது. ‘கற்றல் தடம்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் அது விளைபொருளைக் குறிக்கிறதே அன்றி, செயலைக் குறிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் முன்பள்ளி ஆசிரியர்களோடு பணிபுரிவோர் இதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்று எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.