காட்டுத்தோட்டத்துக் குடும்பக் குழு: உயிலில் உள்ள ‘இஷ்யூ’

கவின் (பெங்களூரு), காலை 7.05
அனைவருக்கும் வணக்கம். வாத்தியார் பெரியப்பா வகுத்த குழு விதிப்படி, முழு வாக்கியங்களில் தமிழிலேயே எழுதுகிறேன். வேலுச்சாமி அப்பாருவின் தோட்டத்துக்குப் பட்டா மாற்றும் பேச்சு வந்ததால், எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை நேற்றுத் திறந்தோம். வேலுச்சாமி அப்பாருவின் தகப்பனாரான பெரிய அப்பாரு 1951இல் கோயமுத்தூர் வக்கீல் ஒருவரை வைத்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்த உயிலின் நகல் அதில் இருந்தது. படங்களை மேலே போட்டிருக்கிறேன். இளைய மகன் வேலுச்சாமி ‘இஷ்யூ’ இல்லாமல் இறந்தால், தோட்டம் மற்ற இரண்டு மகன்களின் ஆண்மக்களுக்குச் சேர வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தால், ‘பிரச்சினை இல்லாமல் இறந்தால்’ என்று வருகிறது.

செந்தில் (திருப்பூர்), காலை 7.11
அவர் பிரச்சினை இல்லாமல் இறந்தார் என்று யார் சொன்னது? கிணற்று வழக்குக்காகக் கடைசி வரை கோர்ட்டுக்கு நடந்தவர் அவர்.

பொன்னுசாமி, காலை 7.14
செந்தில், கிணற்றுப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம். முறைத் தண்ணீரை யார் யாருக்கு விடவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

சரஸ்வதி அத்தை, காலை 7.20
கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டீர்கள். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மறுமணத்துக்கு வரன் தேடுகிறவர்கள் கொடுக்கும் விளம்பரத்தில் ‘இஷ்யூ இல்லை’ என்று போடுவார்களே, அது பிரச்சினை இல்லை என்பதற்காக அல்ல, பிள்ளை குட்டி இல்லை என்பதற்காக. பிரச்சினை இல்லாத மாப்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததும் இல்லை.

பொன்னுசாமி, காலை 7.26
அக்கா சொல்வதுதான் சரி. இஷ்யூ என்றால் பிள்ளைகள். வேலுச்சாமி சித்தப்பாவுக்கு ஒரே மகள் கலாமணி. அவளும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகவே சித்தப்பா இறந்தபோது அவருக்குப் பிள்ளைகள் யாரும் இல்லை. எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான், நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை.

செந்தில், காலை 7.28
எங்கள் பனியன் கம்பெனியில் ஸ்டோரிலிருந்து நூல் கொடுப்பதை இஷ்யூ என்கிறோம். கொடுத்த நூலில் குறை இருந்தால் அதையும் இஷ்யூ என்கிறோம். உயில் எதைச் சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நாச்சிமுத்து (வாத்தியார்), காலை 8.02
குளித்துவிட்டு வருவதற்குள் இவ்வளவு பேசிவிட்டீர்கள். கவின் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தச் சொல், வெளியே போதல் எனப் பொருள்படும் ‘எக்ஸீரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘எக்ஸிட்’ என்று திரையரங்கின் கதவுக்கு மேல் எழுதியிருப்பதும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஒரே வாய்க்காலில் பல மடைகளைத் திறந்துவிட்டதுபோல இதன் பொருள்கள் பிரிந்து போயின. அச்சகத்திலிருந்து வெளிவருவது இதழ் என்பதால், வாரப் பத்திரிகையின் இந்த வாரப் பிரதியும் இஷ்யூதான். பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் இஷ்யூ தேதி அதை வழங்கிய தேதி. கம்பெனி பங்கு வெளியிட்டாலும் அதே சொல். உரிமையியல் வழக்கில் இரு தரப்பு வாதுரைகளையும் பார்த்து, எதை எதைத் தீர்மானிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரைகிற எழுவினாக்களுக்கும் இதுவே பெயர். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 14ஆம் கட்டளை முழுவதும் அதைப் பற்றியதுதான். நாம் எடுத்ததற்கெல்லாம் சொல்கிற ‘பிரச்சினை’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு பழைய பத்திரத்தைப் படித்தால், கவினுடைய செயலி படித்த மாதிரிதான் இருக்கும்.

உயிலில் வரும் இஷ்யூ ‘சந்ததி’. பொன்னுசாமி நினைப்பதுபோல அது பெற்ற பிள்ளைகளோடு நின்றுவிடுவது அல்ல. ஆங்கிலத்தில் பெற்ற பிள்ளைகளை மட்டும் சொல்வதற்கு ‘சில்ட்ரன்’ என்ற சொல் இருக்கிறது. சட்ட வழக்கில் இஷ்யூ என்று எழுதினால் பிள்ளை, பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என நேர்வழியில் இறங்குகிற எல்லோரும் பொதுவாக அதற்குள் வருவார்கள். மனைவி வாரிசு ஆவாள், ஆனால் இஷ்யூ ஆகமாட்டாள். வாரிசையும் சந்ததியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கலாமணி போய்விட்டாள் என்பது உண்மை. அவள் வயிற்றுப் பிள்ளை யாழினி இருக்கிறாள் என்பதும் உண்மை. இதே குழுவில்தான் இருக்கிறாள்.

கவின், காலை 8.06
என் திருமணத்தில் வாழ்த்திப் பேசியதைவிட இது சுருக்கம்தான், பெரியப்பா.

சரஸ்வதி அத்தை, காலை 8.07
அன்றைக்கு முகூர்த்தமே தள்ளிப் போகத் தெரிந்தது.

பொன்னுசாமி, காலை 8.15
பேத்தி, அதுவும் மகள் வயிற்றுப் பேத்தி, எப்படி நம் குடும்பத்துச் சந்ததி ஆவாள்? நம் பக்கத்துப் பத்திரங்களில் எல்லாம் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்றுதானே எழுதுவார்கள்? புத்திரன் என்றால் மகன். பௌத்திரன் என்றால் மகனுக்கு மகன்.

நாச்சிமுத்து (வாத்தியார்), காலை 8.31
அது தமிழ்ப் பத்திரத்தின் வாசகம். இது ஆங்கில உயில். இஷ்யூ என்ற சொல்லுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. ஆண் வழியை மட்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்த வக்கீல்கள், அதற்கு முன்னால் ‘மேல்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தே எழுதுவார்கள். ஆண்மக்களுக்குச் சேர வேண்டும் என்று அடுத்த வரியில் விளக்கமாக எழுதத் தெரிந்தவர்கள், இந்த வரியில் மட்டும் ஏன் சும்மா விடப் போகிறார்கள்?

செந்தில், காலை 8.44
பெரியப்பா, நான் ஒன்று சொல்லலாமா? கவின் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பாருங்கள். காகிதத்தை நான்காக மடித்து வைத்திருந்ததால், குறுக்கு மடிப்பு சரியாக அந்த வரியின் மேல் விழுந்து எழுத்து தேய்ந்திருக்கிறது. ‘விதவுட்’ என்ற சொல்லுக்கும் ‘இஷ்யூ’ என்ற சொல்லுக்கும் நடுவில் சின்னதாக ஒரு சொல் இருந்திருக்கிறது. ‘எந்த’ எனப் பொருள்படும் ‘எனி’யா, அல்லது நீங்கள் சொன்ன ‘மேல்’தானா என்று தெரியவில்லை. முதல் எழுத்து போன இடத்தில் மை மட்டும் கொஞ்சம் நீலமாகப் பரவி இருக்கிறது.

நாச்சிமுத்து (வாத்தியார்), காலை 8.52
பார்த்தேன். இடைவெளி மூன்று எழுத்துக்கும் போதும், நான்கு எழுத்துக்கும் போதும்.

பொன்னுசாமி, காலை 8.53
நான்கு எழுத்துதான் இருக்கிறது.

சரஸ்வதி அத்தை, காலை 8.54
கண்ணாடி போடாமலேயே உனக்கு எண்ணத் தெரிகிறது.

பொன்னுசாமி, காலை 9.10
சரி, அந்த வரி போகட்டும். நான்காம் பக்கத்தையும் பார்த்துவிட்டுப் பேசுவோம். வேலுச்சாமி சித்தப்பாவுக்குப் பின் அவருடைய மனைவிக்கு ‘ரெண்ட்ஸ், இஷ்யூஸ் அண்ட் பிராஃபிட்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. ஆக, சந்ததிகள் இருந்தால்தான் சித்திக்கு வாடகையும் லாபமும் என்று அர்த்தம் ஆகிறது. இப்போது சித்திக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று வாத்தியார் விளக்க வேண்டும்.

நாச்சிமுத்து (வாத்தியார்), காலை 9.38
பொன்னுசாமி, இது இன்னொரு மடை. நிலப் பத்திரங்களில் அந்த மூன்று சொற்களும் சேர்ந்தேதான் வரும். அங்கே இஷ்யூஸ் என்பது நிலத்திலிருந்து வெளிவரும் வருமானம்: விளைச்சல், பலன், மகசூல். பிள்ளைகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சித்தி உயிரோடு இருக்கும்வரை தோட்டத்தின் குத்தகையும் பலனும் ஆதாயமும் அவருக்கு என்பதுதான் அந்த வரியின் பொருள். பெரிய அப்பாரு எழுதிய காலத்தில் அது சோளமும் கொள்ளும் விதைத்த மானாவாரிக் காடு. பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தின் வாய்க்கால் தண்ணீர் வந்த பிறகுதான் தென்னந்தோப்பு ஆயிற்று. அன்றைக்குச் சோளத்துக்கு எழுதிய சொல் இன்றைக்குத் தேங்காய்க்கும் பொருந்தும்.

ஒரே ஆவணத்தில் ஒரே சொல் இரண்டாம் பக்கத்தில் சந்ததியையும் நான்காம் பக்கத்தில் மகசூலையும் குறிக்கிறது. எழுதிய வக்கீலுக்கு அதில் குழப்பம் இல்லை, படிக்கிற நமக்குத்தான்.

செந்தில், காலை 9.41
பெரியப்பா, தோட்டம் வந்தால் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நினைவுபடுத்துகிறேன்.

நாச்சிமுத்து (வாத்தியார்), காலை 9.42
தெரியும்.

யாழினி (ஈரோடு), காலை 10.15
அனைவருக்கும் வணக்கம். பேசாமல் இருந்தாலும் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மாவைப் பெற்ற அமுச்சிக்கும் படித்துக் காட்டினேன். இஷ்யூ என்ற சொல்லைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நாளை மறுநாள் தேங்காய் வெட்டுக்கு ஆள் வருகிறார்கள், வியாபாரி கொடுக்கும் பணத்தை யார் வாங்குவது என்றுதான் கேட்டார். பொன்னுசாமி மாமா வியாபாரியிடம் ஏதோ சொல்லி நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம்.

பொன்னுசாமி, காலை 10.19
நிறுத்தவில்லை, சாமி. பத்திரம் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

சரஸ்வதி அத்தை, காலை 10.21
பத்திரம்தான் பார்த்தாயிற்றே. நான்காம் பக்கத்தில் மடிப்பும் இல்லை, மையும் பரவவில்லை. பணத்தைச் சித்தி கையில் கொடுக்கச் சொல்.

பொன்னுசாமி, காலை 10.40
இந்த வெட்டுக்கு மட்டும் கொடுக்கச் சொல்கிறேன். அடுத்த வெட்டைப் பிறகு பேசிக்கொள்வோம்.

நாச்சிமுத்து (வாத்தியார்), காலை 11.05
கைப்பேசிப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உயில் பதிவாகியிருக்கிறது என்று முத்திரை காட்டுகிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், உயில் அதில் வரவில்லை என்று யாரும் பதற வேண்டாம். சொத்துப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1ஆம் புத்தகத்திலும், உயில்கள் 3ஆம் புத்தகத்திலும் பதிவாகும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோதான் நகல் கேட்க முடியும். இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் கொடுப்பார்கள். அந்தப் புத்தகத்தில் மடிப்பு இருக்காது. அங்கே ‘எனி’ என்று இருந்தால் யாழினி சந்ததி, பேச்சு முடிந்தது. ‘மேல்’ என்று இருந்தால் வக்கீலிடம் போக வேண்டியதுதான். உயிலே செல்லாது என்று ஆனாலும், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுப் பட்டியலில் மனைவியும் இருக்கிறாள், முன்பே இறந்த மகளின் மகளும் இருக்கிறாள் என்பதையும் சேர்த்து வக்கீலிடம் சொல்ல வேண்டும்.

பொன்னுசாமி, காலை 11.09
திங்கட்கிழமை நானே போய் நகல் வாங்கி வருகிறேன்.

செந்தில், காலை 11.10
நானும் வருகிறேன், சித்தப்பா.

பொன்னுசாமி, காலை 11.10
எதற்கு இரண்டு பேர்?

சரஸ்வதி அத்தை, காலை 11.12
அவன் வரட்டும். சித்திக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கவின், காலை 11.30
ஒரு சந்தேகம். விண்ணப்பத்தில் பதிவு எண் கேட்பார்கள் அல்லவா? முத்திரைக்குள் இருக்கும் எண்ணின் கடைசி இலக்கம் எனக்கு 3 போலவும் தெரிகிறது, 8 போலவும் தெரிகிறது.

பொன்னுசாமி, காலை 11.31
8 தான்.

செந்தில், காலை 11.31
3 மாதிரிதான் இருக்கிறது.

நாச்சிமுத்து (வாத்தியார்), காலை 11.40
இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். ஆண்டையும் பெரிய அப்பாருவின் பெயரையும் சொன்னால் அட்டவணையில் தேடித் தருவார்கள்.