அம்மா வீட்டுக்கு 11 கிலோமீட்டர்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். திருமயம் பக்கம் எங்கள் ஊர். சம்பளம் கிடையாது, ராத்திரியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். சரி என்று சேர்ந்தேன். வகுப்புக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பகலெல்லாம் வயலிலோ கல் குவாரியிலோ பாடுபட்டு, வீட்டில் சோறும் ஆக்கி வைத்துவிட்டு வருவார்கள்.

அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தருவதை இயக்கத்தின் வேலையாகவே அவர் சேர்த்தார். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடனும் கிடைத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பலரும் பார் வைத்த சைக்கிளிலேயே பழகினார்கள். பிள்ளையைப் பாரில் உட்கார வைக்கலாமே என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு.

என் வகுப்பில் சின்னம்மா முறையில் ஒருவர் இருந்தார். ஜல்லி உடைக்கிற வேலை. வயது நாற்பதை ஒட்டி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்மாய்க்கரையில் பழகுவார். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். மூன்று முறை விழுந்தார், முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. "இந்த வயசுல பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தமாகவே பேசினார்கள். சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தி, "பிடி ஆத்தா" என்றார். பத்துப் பதினைந்து நாளில் நான் கையை விட்டதே தெரியாமல் கரை முழுக்க ஓட்டிக்கொண்டு போனார்.

1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு ஊர்வலமாகச் சைக்கிள் ஓட்டினார்கள். நாங்களும் போனோம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கப்புறம் நடந்த ஒன்று.

சின்னம்மாவின் அம்மா வீடு 11 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நேர் பஸ் இல்லை. யாராவது கூட்டிப்போனால்தான் உண்டு. "அடுத்த வாரம் பாப்போம்" என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போயிருந்தன. ஒருநாள் குவாரியில் வேலை இல்லை. யாரிடமும் கேட்காமல் சின்னம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரி வகுப்பில் சிலேட்டைத் தொடவே இல்லை. "நானாவே போயிட்டு வந்தேன் ஆத்தா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். கண் கலங்கியிருந்தது.

சைக்கிளால் தண்ணீர் எடுப்பது சுலபமானது, சந்தைக்குப் போக முடிந்தது என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதெல்லாம் குடும்பத்துக்காகப் போனது. அம்மாவைப் பார்க்கப் போனதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை. தனக்கு ஆசையாக இருந்தது, போனார். தன் ஆசைக்கும் மதிப்பு உண்டு என்று ஒரு பெண் நினைப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதுவரை நானும் அப்பா சொன்ன இடத்துக்கு மட்டுமே சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். வாத்தியார் ட்ரெயினிங் படிக்க வேண்டும் என்ற ஆசையை வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை. அடுத்த வாரம் விடியற்காலையில் கிளம்பி, தனியாகவே புதுக்கோட்டைக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன். சாயங்காலம் அதை அப்பாவிடம் நீட்டினேன்.

"யார் கூடப் போனே?"

"நானாவே போனேன்ப்பா."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய்ப் பேனாவைத் தேடினார்.