புதுப்பிப்பு: கொக்குவில் வீட்டு இணைய இணைப்பை நிறுத்தியது

போனில் நிறுத்தச் சொன்ன பிறகும் வீட்டு பைபர் இணைப்புக்கு பில் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது முடிந்துவிட்டது.

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 30 நாள் முன்னறிவித்தல், அதுவும் எழுத்தில். போனில் சொன்னது கணக்கிலேயே இல்லை. கடிதம் இணைய நிறுவனத்தின் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் 30 நாளும் ஓடத் தொடங்கும். அந்த நாட்களுக்கான வாடகையையும் கட்டத்தான் வேண்டும். இரண்டு வருடக் கட்டாயக் காலம் ஏற்கெனவே முடிந்திருந்ததால் தண்டப்பணம் இல்லை.

சரி என்று அப்பாவும் நானும் யாழ் நகரக் கிளைக்குக் கடிதத்தோடு போனோம். பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்வரை அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்த முத்திரைதான் 30 நாள் முடிந்த பிறகும் வந்த பில்லைக் கழிக்க வைத்தது. ரவுட்டரை அடாப்டரோடு கொடுத்து, தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டும் வாங்கினோம்.

கிளையில் தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். எங்களுக்குத் தேவைப்படவில்லை.