பிரிட்டன் நல்வாழ்வு வரைபடம்: ஊர்களின் இடம் வருடா வருடம் ஏன் இப்படித் தாவுகிறது?

நிலவரைவன்:
பிரிட்டன் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நல்வாழ்வு எண்களை வைத்து உள்ளாட்சிப் பகுதிவாரியாக வரைபடம் போடுகிறேன். ஒரு வருடம் முன்வரிசையில் இருக்கும் ஊர் அடுத்த வருடம் நடுவுக்கும் கீழே போய்விடுகிறது. ஊரின் மனநிலை அவ்வளவு சீக்கிரம் மாறுமா? சம்பளம் அதிகமுள்ள லண்டன் ஏன் உச்சத்தில் இல்லை?

மாதிரிக்கணக்கு:
மாறியது மனநிலை அல்ல, கேள்வி கேட்கப்பட்ட ஆட்கள். கணக்கைப் பாருங்கள். நல்வாழ்வு பற்றி நான்கு கேள்விகள், விடைகள் 0 முதல் 10 வரை; அதில் ஒன்று வாழ்க்கைத் திருப்தி. வாழ்க்கைத் திருப்தியின் திட்ட விலக்கத்தை (ஆட்களின் விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 1.8 என்று வையுங்கள். ஓர் ஊரில் 400 பேர் பதில் சொன்னால் திட்டப் பிழை (ஊர்ச் சராசரி தற்செயலாக ஆடும் அளவு) 1.8 ÷ √400, அதாவது 1.8 ÷ 20 = 0.09. 95 சதவீத வரம்பு, அதாவது உண்மைச் சராசரி பெரும்பாலும் அடங்கும் எல்லை, ±0.18. 100 பேர்தான் என்றால் ±0.35. நாட்டுச் சராசரியோ 7.5-ஐ ஒட்டியது, பெரும்பாலான ஊர்கள் அதன் பக்கத்திலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. 0.1 நகர்ந்தாலே பல டஜன் இடங்கள் தாவிவிடும்.

தரவரிசையை விட்டுவிடுங்கள். மூன்று வருடத் தரவைச் சேர்த்தால் ±0.18 என்பது ±0.10 ஆகச் சுருங்கும். பிறகு மூன்றே நிறம்: நாட்டுச் சராசரியைவிடத் தெளிவாக மேல், தெளிவாகக் கீழ், பிரித்துச் சொல்ல முடியாதது. 300 ஊர்களைச் சோதித்தால், ஊர்களுக்குள் வித்தியாசமே இல்லாவிட்டாலும் சுமார் 15 ஊர் தற்செயலாக நிறம் மாறும். அதனால் 99 சதவீத வரம்பு நல்லது. எடையிடல் (மக்கள்தொகையோடு பொருந்த சிலரின் விடைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பது) காரணமாக உண்மைப் பிழை என் கணக்கைவிட அதிகமாக இருக்கும். அவர்களே வெளியிடும் வரம்புகள் இருந்தால் அவற்றையே எடுங்கள்.

தென்கரை:
லண்டன் பற்றி: ஒருவரின் திருப்தியோடு மிக வலுவாக ஒட்டி நிற்பது அவர் தன் உடல்நலத்தை எப்படி மதிப்பிடுகிறார் என்பது. அடுத்து வேலை இருக்கிறதா, துணை இருக்கிறதா. சம்பளம் இவற்றுக்குப் பின்னால்தான். வடக்கு அயர்லாந்தின் வருமானம் நாட்டுச் சராசரிக்குக் கீழே. ஆனாலும் திருப்தியில் பல வருடங்களாக முன்னால் நிற்கிறது.

வயதையும் சரிக்கட்டாமல் ஊர்களை ஒப்பிடாதீர்கள். நாற்பது, ஐம்பதுகளில் திருப்தி தாழ்ந்து, அறுபத்தைந்தைத் தாண்டினால் ஏறுகிறது. ஓய்வுபெற்றோர் குடியேறும் கடற்கரை ஊர் மேலே தெரிவதில் ஒரு பகுதி, அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதால் வருவது. எல்லா ஊருக்கும் ஒரே வயதுப் பங்கீட்டை வைத்துச் சராசரியை மறுபடி போட்டால் இது வெளியே வந்துவிடும்.

நிலவரைவன்:
நன்றிங்க. நான்கு கேள்விகளையும் கூட்டி ஒரே குறியீடாகப் போடலாமா?

மாதிரிக்கணக்கு:
வேண்டாம். திருப்தி, செய்வது பயனுள்ளது என்ற உணர்வு, நேற்றைய மகிழ்ச்சி மூன்றிலும் எண் கூடினால் நல்லது. நேற்றைய பதற்றத்தில் கூடினால் கெட்டது. அப்படியே கூட்டினால் ஒன்றையொன்று அடித்துவிடும். திருப்பிப் போட்டுக் கூட்டினாலும், திருப்தி சுமாராகவும் பதற்றம் மிகுதியாகவும் உள்ள ஊர் மறைந்துபோகும். நான்கு வரைபடம் போடுங்கள்.

திருப்திக்கு 0–4 சொன்னவர்களின் சதவீதத்தையும் தனியாகக் காட்டுங்கள். உதவி தேவைப்படுவோர் அங்கேதான் இருக்கிறார்கள். சராசரியில் அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

தென்கரை:
2020 மார்ச்சில் நேரில் போய்க் கேட்பது நின்று தொலைபேசிக்கு மாறியது. கேட்கும் முறை மாறினால் விடையும் நகரும். அந்தக் கோட்டைத் தாண்டி மூன்று வருடங்களைச் சேர்க்காதீர்கள். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களும் இந்தக் கணக்கெடுப்பில் இல்லை; கடற்கரை ஊர்களுக்கு அடிக்குறிப்பாக அதை எழுதிவிடுங்கள்.