ஏரிக்கரையில் எந்தச் சைட்டைப் பிடிப்பது? மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் தங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

கேன்டனிலிருந்து, கேள்வி எழுப்பியவர்

நண்பர்களுக்கு வணக்கம். கும்பகோணத்திலிருந்து என் பெற்றோர் ஜூன் மாதம் வருகிறார்கள். ஆகஸ்டு இறுதிவரை எங்களோடு இருப்பார்கள். அப்பாவுக்கு இரவில் மூச்சுக்கருவி பொருத்திக்கொண்டால்தான் உறக்கம் வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் இருவரும் தண்ணீரைக் கண்டால் கரையில் நிற்காதவர்கள். இவர்கள் அனைவரையும் அழைத்துக்கொண்டு ஆகஸ்டு நடுவில் ஏரிக்கரை ஒன்றில் கூடாரமடித்துத் தங்க விரும்புகிறோம். பூங்காவின் பெயரைச் சொல்லிப் பரிந்துரைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே எந்தக் கூடாரத் திடல், எந்தப் பக்கம், தங்கியபோது என்ன நேர்ந்தது என்று சொல்பவர்கள்தாம் குறைவு. நேரில் கண்டதை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஃபார்மிங்டன் ஹில்ஸிலிருந்து

ஐயா, உங்கள் குடும்பத்துக்கு லடிங்டன் மாநிலப் பூங்காவையே முதலில் சொல்வேன். ஆனால் பெயரோடு நிறுத்திக்கொண்டால் பயனில்லை என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. மேற்கே மிச்சிகன் ஏரிக்கும் கிழக்கே ஹாம்லின் ஏரிக்கும் நடுவே அமைந்த பூங்கா அது; இரண்டு ஏரிகளையும் பிக் சேபிள் என்னும் சிற்றாறு இணைக்கிறது. மின் இணைப்போடு, வண்டியைச் சைட்டிலேயே (ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒதுக்கப்படும் இடத்திலேயே) நிறுத்தித் தங்கக்கூடிய திடல்கள் மூன்று உள்ளன. பெரிய ஏரிக்கு அண்மையில் இருப்பது பைன்ஸ், ஹாம்லின் பக்கம் இருப்பது பீச்வுட், இடைப்பட்டது சீடர்.

எங்கள் வீட்டு இளைஞர்கள் எப்போதும் பைன்ஸுக்கே வாக்களிப்பார்கள். அங்கிருந்து மணல்மேடுகளின் ஊடே இரண்டு மைல் அளவு நடந்தால், 1867இல் கட்டப்பட்ட, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய 112 அடி உயரக் கலங்கரை விளக்கத்தை அடையலாம். ஆனால் மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் காற்றும் மழையும் பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது எந்தத் தடையும் இல்லாத நீர்ப்பரப்பைக் கடந்து, நேரே வருபவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு ஜூலை மாலையில் வானம் கறுத்துப் பத்து நிமிடங்களுக்குள், எங்களுக்கு இரண்டு சைட் தள்ளியிருந்தவர்களின் நிழல் பந்தல் தரையைவிட்டுக் கிளம்பி ஒரு பைன் மரத்தின் கிளையில் போய் மாட்டிக்கொண்டது. வழக்கமான மெல்லிய முளைக்கம்பிகள் மணலில் நிற்பதில்லை. இழுத்த மாத்திரத்தில் வெண்ணெயில் குத்திய குச்சியைப் போலக் கையோடு வந்துவிடும். எங்கள் கூடாரம் நின்றதற்குக் காரணம், பக்கத்தில் தங்கியிருந்த வயதான தம்பதியர் முதல் நாளே வந்து, கூடாரம் சுற்றிவந்த துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைக்கச் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த அம்மையார் மண்டியிட்டு ஒரு குழியைத் தாமே தோண்டிக் காட்டினார்.

ஊரிலிருந்து என் பெற்றோர் வந்தபோது பீச்வுட்டில் தங்கினோம். சைட்டின்மேல் நிழல் இருந்தது, காற்று அடங்கியிருந்தது. லாஸ்ட் லேக் பக்கம் மரப்பலகை பாவிய நடைபாதை இருப்பதால், அம்மாவை மாலையில் சிறிது தொலைவு அழைத்துச் செல்ல முடிந்தது. ஹாம்லின் ஏரியின் குளிப்பிடத்தில் அலை குறைவு. பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நிற்கும்போது பெரியவர்கள் நாற்காலியிட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரிய ஏரியில் சூரியன் மறைவதைக் காண வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் போய்விடலாம், அதற்காகக் காற்று வீசும் இடத்திலேயே படுத்துறங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

சைட்டைத் தேர்ந்தெடுக்கும்போது குளியலறைக் கட்டடத்தை வரைபடத்தில் முதலில் தேடுங்கள். அதை ஒட்டிய சைட் வேண்டாம். அங்கே விடிய விடிய விளக்கு எரியும், கதவு அடித்துக்கொள்ளும், குறுக்கு வழியாக உங்கள் கூடாரக் கயிற்றைத் தாண்டி யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள். நான்கைந்து சைட் தள்ளி, அதே பக்கத்தில், சாலையைக் கடக்காமல் போய்வரக்கூடியதாக இருந்தால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பேருதவி. உங்கள் தந்தையாரின் கருவிக்கு மின் இணைப்பு இன்றியமையாதது. ஆகவே ‘ரஸ்டிக்’ என்று குறிப்பிட்டிருக்கும் திடல்களைப் பார்க்கவே வேண்டாம். அங்கே கைப்பம்பும் குழிக் கழிப்பறையும்தான் இருக்கும். மின்பெட்டி சைட்டின் எந்த மூலையில் இருக்கும் என்று தெரியாததால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான நீண்ட இணைப்புக் கம்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மற்றொன்று, 2024 செப்டம்பரில் இந்தப் பூங்கா சீரமைப்புக்காக மூடப்பட்டு, பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. எனவே இணையத்தில் கிடைக்கும் பழைய காணொளிகளைப் பார்த்துச் சைட்டை முடிவு செய்யாமல், முன்பதிவுத் தளத்தில் இப்போது இருக்கும் படங்களையும் வரைபடத்தையும் பாருங்கள்.

சிகாகோ புறநகரிலிருந்து

எங்களுக்கு மிச்சிகன் என்றாலே எல்லையைத் தாண்டியதும் வரும் வாரன் டூன்ஸ்தான். ‘ஏரிக்கரைப் பூங்கா’ என்ற பெயரை நம்பி வரும் விருந்தினர்கள் முதலில் கேட்பது, ஏரி எங்கே என்பதுதான். அங்குள்ள திடல் மணல்மேடுகளுக்குப் பின்னால், மரங்களுக்கிடையே அமைந்தது. கரைக்குச் செல்ல வண்டி எடுக்க வேண்டும், அல்லது மணலில் ஏறி இறங்க வேண்டும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பகலெல்லாம் 240 அடி உயரமுள்ள டவர் ஹில்லில் ஏறி உருண்ட பிள்ளைகள் இரவில் நிழலும் அமைதியும் உள்ள இடத்தில் அடித்துப்போட்டதுபோல் உறங்குவார்கள்.

அமைதி என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை ஓசை எழுப்பக் கூடாது. கோடையில் அங்கே பத்து மணி என்பது இந்தியாவில் காலை ஏழரை. அதாவது, ஊரிலுள்ள உறவினர் அனைவரும் காப்பி குடித்துவிட்டுக் காணொளியில் அழைக்கும் நேரம். என் மாமனார் கைப்பேசியின் ஒலியை முழுமையாக வைத்துக்கொண்டு தஞ்சாவூரிலுள்ள தம் தம்பியிடம் நிலப் பத்திரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, திடலைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வலர் கைவிளக்கோடு வந்து நின்றார். மாமனார் அவரையும் திரையில் காட்டித் தம்பிக்கு அறிமுகம் செய்துவைத்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு, வண்டிக்குள் அமர்ந்து பேசும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். பெற்றோருடன் செல்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவது நல்லது.

வேற்று மாநிலப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்குத் தனி நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்; சைட் கட்டணத்தில் அது சேராது. எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சிகனின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

டிராயிலிருந்து

பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாலந்து மாநிலப் பூங்காவில் இரண்டு திடல்கள் உள்ளன. கடற்கரை போன்ற பெருமணலை ஒட்டிய திடல் தார் பாவியது, நிழலற்றது; பெரிய வண்டிகளுக்குப் பொருந்தும், கூடாரத்துக்கு நண்பகலில் அடுப்பு. மற்றது மகடாவா ஏரியின் பக்கம், மரங்களுக்கு நடுவே உள்ளது. நாங்கள் இரண்டாவதில் தங்கி, காலையில் பெரிய ஏரிக்குச் சென்றோம். வானம் தெளிவாக இருந்தது, வெயில் இதமாக இருந்தது, ஆனால் கம்பத்தில் சிவப்புக் கொடி பறந்தது. மழையும் இடியும் இல்லாத நாளில் எதற்குச் சிவப்பு என்று என் மகன் கேட்டான். முந்தைய இரவின் காற்று கிளப்பிய அலைகள் அடங்கியிருக்கவில்லை. அத்தகைய நாள்களில் கரையில் வந்து குவியும் நீர், மணல்திட்டுகளின் இடைவெளி வழியாகவும் அலைதாங்கிச் சுவரை ஒட்டியும் ஆட்களை ஏரிக்குள் இழுத்துக்கொண்டு திரும்பும். இரட்டைச் சிவப்புக் கொடி என்றால் நீரில் இறங்கவே தடை. மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் உயிர்காப்பாளர்கள் கிடையாது என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது. அன்று முழுவதும் எங்கள் பிள்ளைகள் மணலில் கோட்டை கட்டினார்கள், ஏமாற்றத்தோடுதான். சிறிய ஏரியும் பெரிய ஏரியும் அருகருகே உள்ள பூங்காவைத் தேர்ந்தெடுத்தால் இத்தகைய நாளில் மாற்று வழி இருக்கும். முதலில் எழுதியவர் ஹாம்லின் ஏரியைச் சொன்னதை இதனால் வழிமொழிகிறேன்.

ஆன் ஆர்பரிலிருந்து

சற்று மாறுபட அனுமதியுங்கள். நிழல், மின்சாரம், அலையில்லாத நீர் என்று பார்த்துக்கொண்டே போனால் சுப்பீரியர் ஏரியைக் காணாமலே அமெரிக்க வாழ்க்கை முடிந்துவிடும். மிச்சிகனின் வடபகுதியான மேல் தீபகற்பத்தில் போர்க்குப்பைன் மலைப் பூங்காவின் யூனியன் பே திடலில் மின் இணைப்பு உண்டு. ஏரியின் பாறை விளிம்பிலேயே சைட்டுகள் உண்டு. சிறிது தொலைவு வண்டியில் சென்றால் லேக் ஆஃப் தி கிளவுட்ஸ் காட்சிமேடு. இதற்கு ஈடான காலைப்பொழுதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எனினும் உண்மையை மறைக்கக் கூடாது. டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்து மணி நேரப் பயணம். தென்காற்று வீசும் நாளில் வீட்டு ஈயைப் போலவே தோன்றும் ஒரு கடிக்கும் ஈ கரையோரம் வந்து மொய்க்கும். அது குறிவைப்பது கணுக்காலை. மேலே பூசும் மருந்துக்கெல்லாம் அது அசைவதில்லை. நாங்கள் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு சமைத்தோம். கரடிகள் வாழும் காடு என்பதால் பற்பசை உட்பட மணமுள்ள எதையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது. கேன்டன் நண்பரின் பெற்றோருக்கு இந்தப் பயணம் ஏற்றதல்ல. பிள்ளைகள் வளர்ந்த பிறகு போய்வாருங்கள்.

ஃபார்மிங்டன் ஹில்ஸிலிருந்து மீண்டும்

கரடி இல்லாத இடத்தில் ரேக்கூன் என்னும் சிறு விலங்கு உண்டு. பீச்வுட்டில் எங்கள் கண்முன்னே, நெருப்பு அணையக் காத்திருந்த ஒன்று, கூலரின் கொக்கியை இரு கைகளாலும் நெம்பித் திறந்து, வேகவைத்த முட்டைகளை எடுத்துக்கொண்டு, மாங்காய்த் தொக்கு இருந்த டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுச் சென்றது. உறங்கும் முன் உணவு அனைத்தையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிச்செல்ல வேண்டாம். ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்ற எமரால்டு ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு 2002இல் வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தென்கிழக்கு மிச்சிகனில்தான். விறகோடு சேர்ந்தும் அது ஊர் ஊராகப் பரவியது. பூங்காவிலோ அருகிலோ வாங்கி அங்கேயே எரித்துவிடுவதுதான் முறை.

கேன்டனிலிருந்து

அனைவருக்கும் நன்றி. பீச்வுட் என்று முடிவு செய்திருக்கிறோம். வருகைத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும் என்பதால், ஆகஸ்டு நடுவுக்கான சைட்டைப் பிப்ரவரி நடுவில் பிடிக்க வேண்டும். வார இறுதியைத் தவிர்த்து ஞாயிறு முதல் புதன் வரை என்று மாற்றிப் பார்த்தால் குளியலறைக்கு அண்மையிலுள்ள சைட் கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று என் மனைவி சொல்கிறார். விருப்ப வரிசையில் சில எண்களை எழுதிவைத்திருக்கிறோம். தொக்கு டப்பாவை மட்டும் வெளியில் வைக்கலாமா என்று அம்மா தொலைபேசியில் கேட்கிறார்.