விளம்பரப் புகைப்படம் படிக்க எங்கே சேர்க்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கை பிளஸ் டூ முடிக்கிறாள். விளம்பரப் புகைப்படம்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். கல்யாண போட்டோ இல்லை. நகை, பட்டுப்புடவை, சாப்பாடு இதெல்லாம். தி.நகர் கடைகள் இருக்கும் ஊரில் அது நல்ல முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது.

சென்னையில் யாரைக் கேட்டாலும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்கிறார்கள். அதில் புகைப்படம் பல பாடங்களில் ஒன்று. பளபளக்கும் தங்கத்தில் கேமராவின் பிம்பம் விழாதபடி, வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸை எங்கே வைப்பது என்று எந்தக் கல்லூரியில் செய்து பார்க்க வைக்கிறார்கள்? ஹைதராபாத் ஜே.என்.ஏ.எஃப்.ஏ.யூ.வில் (கட்டிடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம்) புகைப்படத்துக்கென்றே பி.எஃப்.ஏ. என்ற இளங்கலைப் படிப்பு உண்டு, அவ்வளவு தூரம் அனுப்ப அம்மா தயங்குகிறார். காந்திநகர் என்.ஐ.டி.யில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) முதுகலைதான்.

இங்கேயே விஸ்காம் சேர்ந்து, லீவு நாளில் விளம்பர போட்டோகிராஃபரிடம் அசிஸ்டென்டாக இருந்தால் போதுமா? படித்தவர்கள் சொல்லுங்கள். ஸ்டுடியோ விளக்குகளை முதல் வருஷத்திலேயே பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்களா என்பது முக்கியமாகத் தெரிய வேண்டும்.