தோட்ட வேலைச் செயலி: திரை வடிவமைப்புக்கு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிமார் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்கள்) பாவிக்க ஒரு வேலைப்பட்டியல் செயலி வடிவமைக்கிறோம். பெரட்டில் (காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில்) பிரிக்கிற கொழுந்து, கவ்வாத்து (செடியை வெட்டிவிடுதல்), உரம், மருந்து வேலைகள் மலை இலக்கத்தோடு (தேயிலைப் பகுதியின் எண்) திரையில் வர வேண்டும்.

'செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது' என்று மூன்று நிரல் (நெடுக்குப் பத்தி) வைத்தால், 360 டிபி (dp, திரை அளவுக்கான அலகு) அகலத் திரையில் ஒரு நிரலுக்கு 120 கூடக் கிடைக்காது. தமிழ்ச் சொற்கள் நடுவில் உடைகின்றன. ஒவ்வொரு வேலையையும் காட்டும் அட்டையின் உயரத்தை நிலையாக வைத்தால் 'கு', 'மூ' போன்ற எழுத்துகளின் அடி வெட்டுப்படும். அதனால் ஒற்றைப் பட்டியல், குறைந்தபட்ச உயரம் மட்டும், வரி உயரம் எழுத்தளவின் 1.5 மடங்கு. மழையில் ஈர விரலால் இழுத்துப் போடுவது சரிவராது. 48 டிபிக்குக் குறையாத பொத்தான்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி வேறுபாடாவது வேண்டும். வேலையின் நிலையைக் காட்ட நிறத்தோடு சொல்லும் இருக்கும்.

சிக்கல் இதுதான்: மலையில் சிக்னல் இல்லை. 'முடிந்தது' என்று அழுத்தியது போனில்தான் இருக்கிறது, ஆபிசுக்கு இன்னும் போகவில்லை என்பதை எப்படித் தெளிவாகக் காட்டுவது? மூலையில் சின்ன மேகக்குறி போதாது என்றே நினைக்கிறோம். ஒரே மலையை இரண்டு பேர் வேறு வேறாகப் பதிந்தால் எதை முதலில் காட்டுவது? இப்படி வேலை செய்தவர்கள் ஸ்கிரீன்ஷாட் போட்டு உதவுங்கள். சிங்களத்திலும் ஓடுகிற செயலி என்றால் இன்னும் நல்லது.